வந்தது, வந்தான்

திரை கறுப்பாகவே இருந்தது. மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது. ஓதால்மிஸ் மூன்றாவது முறையாக அதே கட்டளையை அடித்தாள். கம்ப்யூட்டரும் சளைக்காமல் மூன்றாவது முறையாக அதே பதிலைச் சொன்னது. திரையை இயக்கும் இந்த டிரைவர் மென்பொருள் வேண்டுமென்றால் அந்தத் தொகுப்பு வேண்டும், அந்தத் தொகுப்பு வந்தால் இந்த டிரைவர் இருக்க முடியாது.

"நாசமாப் போக," என்றாள், சத்தம் வராமல். உள்ளறையில் அவளுடைய அப்பா எலாதியோ இருமினார். இருமலுக்குப் பிறகு மூச்சு வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டாள். வந்தது. மறுபடி விசைப்பலகையில் குனிந்தாள்.

காலை ஏழு மணிக்கு டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள்: "பொழுது சாயறவரைக்கும் தாங்கினா பெரிசு. உன் தம்பி பேசணும்னா சீக்கிரம் பேசச் சொல்லு."

சீக்கிரம் என்றால் எப்படி? தம்பி ரெய்னியேர் ஸ்பெயினில், சரகோசாவில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்குகிறான். உள்ளே நுழையும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். அவன் வேலை முடிந்து அறைக்குப் போக அங்கே இரவு எட்டு. இங்கே, அவர்கள் ஊரான பிளாசேத்தாஸில், பகல் இரண்டு. இரண்டு மணிக்குக் கம்ப்யூட்டரில் வருகிறேன் என்று முந்தின நாளே சொல்லியிருந்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவன் பெட்டியோடு கிளம்பிய அன்று எலாதியோ தெருமுனையில் டாமினோ ஆடிக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் வந்து நின்றும் ஆட்டத்தை விட்டு எழவில்லை, நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட மனுஷன் இந்த ஒரு மாதமாக வேறு எதுவும் கேட்கவில்லை. "அவன் மூஞ்சியப் பாக்கணும்." காலையில் அதே, மத்தியானம் அதே.

தம்பியைப் போனில் காட்டிப் பார்த்தார்கள். இரண்டு கண்ணிலும் புரை. "வெளிச்சம் தெரியுது, பய தெரியலையே," என்றார். சனிக்கிழமை ஓதால்மிஸ் பெரிய திரையில் தம்பியின் பழைய போட்டோவை முழுதாக விரித்து, அப்பாவை நாற்காலியோடு தள்ளிக்கொண்டு வந்து, மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே உட்கார வைத்தாள். "புருவத்துல வெட்டு. குதிரையிலேர்ந்து விழுந்தானே," என்று விரலால் தடவிக் காட்டினார்.

அதோடு விட்டிருக்கலாம். சும்மா இருக்க முடிந்ததா? தம்பியோடு அவள் மட்டும் அதில் பேசிப் பார்த்தபோது படம் நடுநடுவே நின்று நின்று போனது. அப்பா பார்க்கிற ஒரே தடவை, நன்றாகத் தெரியட்டும் என்று புது டிரைவர் போட நினைத்தாள்.

அந்த ஊரில் இண்டர்நெட்டில் போய் டிரைவர் இறக்கிக்கொண்டிருந்தால் ஆயுசு போதாது. யாராவது மொத்த மென்பொருள் களஞ்சியத்தையும் ஹார்டு டிஸ்கில் நகல் எடுத்து வைத்திருப்பார்கள், அது கைமாறி கைமாறி வரும். ஓதால்மிஸ் வேலை பார்க்கும் மருத்துவமனையில் ஒரு டிஸ்க், பழசு. சாந்தா கிளாரா பல்கலைக்கழகத்திலிருந்து தோழி கொடுத்த டிஸ்க் ஒன்று, புதுசு. விடிகாலை கரண்ட் இருந்தபோது அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டாள். பாதி இதிலிருந்து வந்தது, பாதி அதிலிருந்து வந்தது. ஒரே வீட்டுக்கு இரண்டு குடும்பங்கள் பத்திரத்தோடு வந்து வாசலில் நிற்பது மாதிரி ஆகிவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். கறுப்பு.

"ஏண்டி, இன்னுமா அதோட மல்லுக்கட்டற?" பக்கத்து வீட்டு நெரெய்தா காபிக் குவளையோடு வந்தாள். விடிந்ததிலிருந்து எலாதியோவின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டிருப்பவள் அவள்தான்.

"ரெண்டையும் எடுத்துட்டு பழைய டிரைவரையே போடணும்க்கா. அஞ்சு நிமிஷம்."

"இதையேதான் ஒம்பது மணிக்கும் சொன்ன. அந்தாளு கையப் பிடிச்சிட்டு சித்த நேரம் உக்காரேன். கம்ப்யூட்டரா சாகக் கிடக்கு?"

"அவர் கேட்டது என் கையை இல்லைக்கா."

நெரெய்தா குவளையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். சொன்னது உண்மைதான், ஆனாலும் அது ஓதால்மிஸுக்கே சுருக்கென்றது. பத்து வருஷமாகக் கஞ்சி காய்ச்சியவள் அவள். கடைசியில் தேடுவது என்னவோ அவனை.

இரண்டு டிரைவர்களையும் அடியோடு நீக்கச் சொல்லி அடித்தாள். நீக்கப்போகும் பெயர்கள் திரை முழுக்க ஓடின, சம்மதமா என்று கேட்டது. படித்துப் பார்க்கத் தெம்பில்லை. சம்மதம் என்று தட்டினாள். தட்டிய பிறகுதான் பார்த்தாள், டிரைவரோடு சேர்த்து டெஸ்க்டாப் என்கிற மேசைத் திரை மொத்தத்தையும் வாரிக்கொண்டு போகிறது. "ஐயோ, ஐயோ," என்று நிறுத்தப் போனபோது பொத்தென்று எல்லாம் அணைந்தது. விசிறியும் நின்றது. மணி பதினொன்றரை.

கரண்ட் போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவள் அப்பா பக்கத்தில்தான் இருந்தாள், அட்டையால் விசிறிக்கொண்டு. ஆனால் இருந்தாளா? மனசு முழுக்க அந்தப் பெயர்ப் பட்டியல். எதை முதலில் போட வேண்டும், எது எதைத் தடுக்கும். எலாதியோ ஒரு தடவை, "மணி என்ன?" என்றார். சொன்னாள். "ரெண்டுக்குத்தானே?" என்றார். "ரெண்டுக்குத்தாம்பா. தூங்காம இரு," என்றாள். தூங்காமல் இரு என்று சாகப்போகிறவரிடம் சொல்கிறோமே என்று தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

ஒன்று இருபதுக்குக் கரண்ட் வந்தது. தெருவே கத்தியது. "யெகோ! யெகோ!" தினமும் கத்துவதுதான். வீட்டுக்கு வீடு பிள்ளைகளும் கிழடுகளும் ஒரே குரலாகக் கத்துவார்கள். அவர்கள் பேச்சில் கரண்ட் வந்தாலும் யெகோ, தண்ணீர் வந்தாலும் யெகோ, ஆள் வந்தாலும் யெகோதான்.

ஓதால்மிஸ் அட்டையை நெரெய்தாவின் கையில் திணித்துவிட்டு ஓடினாள்.

பாதியில் நின்றதை முடிக்கச் சொல்லி முதல் கட்டளை. புது டிஸ்கைப் பிடுங்கிப் போட்டாள், பட்டியலிலிருந்தும் அதை வெட்டினாள். இந்த முறை ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். டிரைவர் என்று தனியாக எதுவும் வேண்டாம், சிஸ்டத்தோடு வருகிற சாதாரணமானதே போதும். மேசைத் திரையை மறுபடி ஏற்றினாள். வரிகள் ஓடின. சண்டை இல்லை, மறுப்பு இல்லை. அணைத்துப் போட்டாள். நீலப் பின்னணி வந்தது, ஓரத்தில் கடிகாரம் வந்தது. ஒன்று ஐம்பத்தி நாலு.

"அப்பா! ஆயிருச்சுப்பா! நாற்காலியப் பிடிங்கக்கா!"

நெரெய்தா அறை வாசலில் வந்து நின்றாள். அவள் கையில் பஞ்சு இல்லை.

"இப்பத்தாண்டி," என்றாள். "ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

"ஏன் கூப்பிடல? ஏங்க்கா என்னைக் கூப்பிடல?"

"கூப்பிட வேணாம்னாரு." நெரெய்தா சட்டை நுனியால் மூக்கைத் துடைத்தாள். "தெருவுல யெகோன்னு கத்துனாங்கல்ல, வந்துட்டானான்னு என்னையக் கேட்டாரு. எந்திரிக்கப் பாக்குறாருடி. தலை தூக்க முடியாத மனுஷன், கையூன்றி எந்திரிக்கப் பாக்குறாரு. கரண்ட்டுதான் வந்துச்சுன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்? வந்துட்டான்னேன்."

ஓதால்மிஸ் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கன்னாரு. முன்னறையில அக்காவோட இருக்கான்னேன். பேசிக்கட்டும், கூப்பிடாத, ரொம்ப நாளாச்சுல்ல அதுங்க பாத்துன்னாரு. அப்பறம், ஆளு எப்பிடி இருக்கான்னு கேட்டாரு. என்னத்தச் சொல்ல? நல்லா குண்டா, கன்னமெல்லாம் உப்பிப்போய் வந்திருக்கான்னேன். சிரிச்சாரு. அப்பறம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் ஓடிட்டிருந்துச்சு. அவ்வளவுதான்."

உள்ளே போனாள். எலாதியோவின் முகம் வாசல் பக்கம் திரும்பியிருந்தது. கை இன்னும் சூடாக இருந்தது. அழுகை வரவில்லை, களைப்புதான் வந்தது. கட்டிலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள். நெரெய்தா ஒரு துணியைக் கிழித்து அவர் தாடையைக் கட்டினாள்.

முன்னறையில் கம்ப்யூட்டர் மணியடித்தது. இரண்டு மணி. அடித்துக்கொண்டே இருந்தது.

"நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றாள் நெரெய்தா.

"இல்ல, நான் சொல்றேன்."

எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினாள். ரெய்னியேர் வந்தான். வெள்ளைச் சட்டை, ஈரத் தலையைப் படிய வாரியிருந்தான். முகத்தில் வெளிச்சம் விழட்டும் என்று எங்கிருந்தோ இரண்டு மேசை விளக்கு கொண்டுவந்து இரண்டு பக்கமும் வைத்திருந்தான். அந்த வெளிச்சத்தில் கன்னத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது, கழுத்தில் சட்டை தொளதொளவென்று நின்றது.

நெரெய்தா அவள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "கடவுளே," என்றாள் மெதுவாக. "நான் குண்டுன்னு சொல்லிட்டேனே."

இந்தப் பக்கத்துக் கேமராவை ஓதால்மிஸ் இன்னும் திறக்கவில்லை. அங்கே அவன் திரையில் ஒன்றும் தெரிந்திருக்காது.

"அப்பா," என்றான் ரெய்னியேர், உரக்க, செவிடனிடம் பேசுவது மாதிரி. "தெரியறேனாப்பா? இல்ல, இன்னும் கிட்ட வரணுமா?"

கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, விளக்கு இரண்டையும் கிட்டே நகர்த்திவிட்டு, முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான்.