இரண்டாம் நம்பர் சைக்கிள்

கிட்டு அந்தக் கோப்பையை ஜெயித்தது 1966 பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்று மத்தியானமே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஜெயிச்சுட்டு வந்து ஏன் இப்படி உம்முனு உக்காந்துண்டிருக்கேள்?" என்று அவன் மனைவி ராஜலக்ஷ்மி கேட்டாள்.

களைப்பு என்றான்.

பம்பாய் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் அவர்களுடைய உடற்பயிற்சிக் கழகம் இருந்தது. ஊரைவிட்டுப் போன வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் கிளப்பிலிருந்து இரண்டு சைக்கிள்கள் அங்கே வந்து சேர்ந்திருந்தன. நின்ற இடத்திலேயே மிதிக்கிற சைக்கிள். முன்னால் கனமான ஒரு சக்கரம், அதைச் சுற்றி ஒரு தோல் வார், வாரை இறுக்க ஒரு திருகு, எத்தனை மைல் என்று காட்ட ஒரு மீட்டர். அரை மணி நேரத்தில் யார் எவ்வளவு தூரம் போகிறார்கள் என்பதுதான் அங்கே எல்லோருடைய பேச்சும். செயலாளர் திருவேங்கடம் கையில் கடிகாரத்தோடு நிற்பார். தூரத்தைச் சுவரிலிருந்த கரும்பலகையில் எழுதுவார். பம்பாய்க் கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த கிட்டுவின் பெயர் ஒன்றரை வருஷமாக அந்தப் பலகையின் உச்சியில் இருந்தது. பத்து மைல் நான்கு. அதாவது பத்து மைலும் ஒரு மைலில் பத்தில் நான்கு பங்கும். வேறு எதிலும் அவன் பெயர் முதலில் வந்ததில்லை.

பிறகு முகைதீன் வந்தார். தாராவியில் மைத்துனர் ஷாகுல் ஹமீதுடன் சேர்ந்து லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். மீட்டர் கெட்டுப்போனபோது சரிசெய்ய அழைத்தார்கள். சரிசெய்துவிட்டு, ஓடுகிறதா என்று பார்க்க ஏறி மிதித்தார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே மிதித்ததில் ஒன்பதரை மைல் வந்துவிட்டது. திருவேங்கடம் அன்றே அவரை உறுப்பினராக்கினார். இரண்டு மாதத்தில் பலகையின் உச்சியில் முகைதீன் பெயர். பத்து மைல் ஆறு.

கிட்டுவுக்கு அவரைப் பிடிக்காமல் போகவில்லை. செவ்வாயும் வியாழனும் பக்கத்துப் பக்கத்தில் மிதிப்பார்கள், இறங்கியதும் இரண்டு மீட்டரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், பிறகு ஈரானி கடையில் டீ குடிப்பார்கள். அங்கே வைத்துத்தான் ஒருநாள் முகைதீன் சொன்னார்.

"சார், ஒங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். எனக்கு டிபி இருந்துச்சி. ஒம்பது மாசம் சானடோரியத்துல கெடந்தேன். செரியாயி மூணு வருசம் ஆவுது. கிளப்புல தெரிஞ்சா வரக்கூடாதும்பாங்க."

"சீ, நான் ஏன் சொல்லப்போறேன் பாய்."

"எனக்கு இது பந்தயம் இல்ல, கேட்டியளா? நெஞ்சு எப்படி இருக்குன்னு பாக்குதேன். டிராம்பேல ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புல ஃபோர்மன் வேலைக்குக் கூப்புட்டுருக்காங்க. மார்ச்சு கடைசிக்குள்ள சொல்லணும். நெருப்புக்குப் பக்கத்துல நாள் பூரா நிக்கணும். இந்த அரை மணி நேரத்த நல்லா ஓட்டிட்டன்னா, தைரியமா சரின்னுருவேன்."

அந்த மாதம்தான் கழகத்தின் வருஷப் போட்டி. முந்தின வாரம் முகைதீன் வேலை பார்த்துக் காட்டுவதற்காக டிராம்பே போய்விட்டார். அந்தச் சமயம் பார்த்து இரண்டாம் நம்பர் சைக்கிளின் வார் அறுந்துபோயிற்று. திருவேங்கடம் ஒரு சக்கிலியரிடம் கொடுத்துப் புதுத்தோலில் தைத்து வாங்கி மாட்டினார். வியாழக்கிழமை சாயங்காலம் கிட்டு அதில் ஏறினான். முதல் பத்து நிமிஷம் நன்றாகத்தான் ஓடியது. தோல் சூடேறியதும் சக்கரத்தைப் பிடிக்க ஆரம்பித்தது. திருகைத் தளர்த்தினால்கூட விடவில்லை. மணலில் மிதிப்பதுபோல இருந்தது. இறங்கித் தொட்டுப் பார்த்தான். வார் கொதித்தது. கொஞ்ச நேரம் ஆறியதும் பழையபடி லேசாகச் சுற்றியது.

திருவேங்கடத்திடம் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தான். அன்று அவர் வரவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று விட்டான். மறுநாளும் சொல்லவில்லை. யாருக்கு எந்த சைக்கிள் என்பது சீட்டுப் போட்டுத்தானே முடிவாகும், நமக்கே இரண்டாம் நம்பர் வந்தாலும் வரலாமே என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டில் அவனுக்கு ஒன்றாம் நம்பர் வந்தது. முகைதீன் இரண்டாம் நம்பர் சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். லேசாகச் சுற்றியது. "பக்கா" என்று சிரித்துக்கொண்டே ஏறினார். அந்த நொடியில்கூடச் சொல்லியிருக்கலாம். நாற்பது பேர் சுற்றி நின்றார்கள். கிட்டு கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பத்து நிமிஷம் வரை முகைதீன்தான் முன்னால் இருந்தார். பிறகு அவருடைய மூச்சுச் சத்தம் மாறியது. பக்கத்திலிருந்த கிட்டுவுக்கு நன்றாகவே கேட்டது. இழுத்து இழுத்து, விசில்போல வந்தது. முகைதீன் விடவில்லை. இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தார். அரை மணி முடிந்ததும் திருவேங்கடம் இரண்டு மீட்டரையும் படித்தார். கிட்டு பத்து மைல் ஐந்து. முகைதீன் ஒன்பது மைல் எட்டு.

முகைதீன் பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார். முகம் வெளுத்திருந்தது. வெகு நேரம் கழித்து எழுந்து வந்து கிட்டுவின் கையைப் பிடித்தார்.

"சந்தோசம் சார். நல்லா ஓட்டினிய."

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. தோற்றதில் வருத்தம், நாலு வாரத்தில் வந்துவிடுவார், வந்ததும் சொல்லிவிடலாம் என்று கிட்டு நினைத்தான். மார்ச் போயிற்று. ஏப்ரலில் ஒருநாள் கழகத்தில் ஆள் இல்லாத நேரத்தில் இரண்டாம் நம்பரில் ஏறி அரை மணி நேரம் முழுக்க மிதித்துப் பார்த்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மீட்டரில் எட்டு மைல் ஏழு. அதே வாரோடு அந்த மனிதர் ஒன்பது மைல் எட்டு போயிருக்கிறார். கிட்டு கைப்பிடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்தான்.

ஆனாலும் அவன் தாராவிக்குப் போனது ஜூனில்தான். அதுவும் தானாகப் போகவில்லை. இரண்டாம் நம்பர் சரியில்லை என்று எல்லோரும் புகார் சொல்ல, முகைதீனை அழைத்து வா என்று திருவேங்கடம் அனுப்பினார். பட்டறையில் ஷாகுல் ஹமீது மட்டும் இருந்தார்.

"மச்சான் இங்க இல்லியே சார். கல்யாண்ல இருக்காரு. இந்தப் பட்டறத் தூசி நெஞ்சுக்கு ஆவாதுன்னு போயிட்டாரு."

"டிராம்பே வேலை?"

"வேண்டாம்னுட்டாரு. பழைய சீக்கு திரும்பிட்டுன்னு ஒரே பயம். டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னாரு. இவரு நம்பணும்லா? போன தடவயும் மொதல்ல அப்படித்தான் சொன்னாங்களாம்."

கிட்டு ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு மறுநாள் கல்யாணுக்கு ரயில் ஏறினான். முகைதீன் ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்தில் சின்னதாக ஒரு பீடிக் கடையில் உட்கார்ந்திருந்தார். நல்ல வெக்கையிலும் கழுத்தில் மஃப்ளர். கிட்டுவைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "மர்யம், மாட்டுங்கா சார் வந்துருக்காங்க, டீ போடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு.

கிட்டு உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். வார் அறுந்தது, புதுத்தோல், சூடானால் பிடிப்பது, ஏப்ரலில் தனக்கு வந்த எட்டு மைல் ஏழு.

"உங்க நெஞ்சுல ஒண்ணும் இல்லை பாய். சைக்கிள்லதான் கோளாறு. நேக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை."

முகைதீன் நிமிர்ந்து பார்த்தார்.

"எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை."

"பந்தயம் ஞாயித்துக்கெழம."

"ஆமாம்."

உள்ளேயிருந்து மர்யம் வந்து கதவோரம் நின்றாள். கையில் டம்ளர் இருந்தது. "அப்ப இவுகளுக்குச் சீக்கு இல்லியா? நெசமாவா சொல்லுதிய? அல்லா, சீக்கே இல்லியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அழுதாள், சிரித்தாள். "இருங்க, சாப்புட்டுத்தான் போவணும்" என்றாள். நல்ல சேதி கொண்டுவந்த விருந்தாளியை உபசரிக்கிற மாதிரி அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கிட்டுவால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

முகைதீன் மஃப்ளரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாலு மாசம் சார். புள்ளைங்களப் பக்கத்துல சேக்கல. தனி டம்ளரு, தனித் தட்டு. சின்னவ வந்து கழுத்தக் கட்டுனா தள்ளி விட்டுருவேன். டிராம்பேல இப்ப வேற ஆளு நிக்கான்." அவர் குரல் உயரவில்லை. "தெரியாதவன் செஞ்சா பரவால்ல. ஒங்ககிட்டதான எல்லாத்தையும் சொன்னேன்."

"மன்னிச்சுடுங்கோ பாய். நான் டிராம்பேக்குப் போய் அவாகிட்ட பேசறேன்."

"வேண்டாம். கோவமில்லன்னு சொன்னா அது பொய்யி. நீங்க போங்க சார்."

மர்யம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். டீயைக் குடித்துவிட்டாவது போகட்டும் என்றாள். கிட்டு டம்ளரை வாங்கி, சூட்டோடு சூடாகக் குடித்துவிட்டுக் கிளம்பினான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழகத்தில் உறுப்பினர்கள் முன்னால் நடந்ததைச் சொல்லிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான். முகைதீனின் சீக்கைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. திருவேங்கடம் பலகையில் அந்தப் போட்டியையே அழித்துவிட்டு, "என்ன ஓய் இது, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாரை மாத்தியிருப்பேனே" என்றார். அதைத்தான் கிட்டுவும் ராத்திரி பகலாக நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை. அதற்கு மூன்று நாள் இருந்தது.

டிராம்பேக்கும் போய்ப் பார்த்தான். வாசலிலேயே, காலி இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

மழைக்காலம் முடிந்து முகைதீன் தாராவிக்கே திரும்பி வந்து பட்டறையில் உட்கார்ந்தார் என்று கேள்விப்பட்டான். கழகம் பக்கம் அவர் வரவில்லை. திருவேங்கடம் ஆள் அனுப்பியதற்கு வேலை அதிகம் என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்கு முந்தின வாரம் சயான் பஸ் ஸ்டாப்பில் கிட்டு அவரைப் பார்த்தான். மர்யமும் சின்னப் பெண்ணும் கூட இருந்தார்கள். பெண் அவர் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மர்யம்தான் முதலில் கண்டு, "சார், வீட்ல எல்லாரும் சொகமா?" என்று கேட்டாள். முகைதீன் தலையை மட்டும் அசைத்தார். பிறகு பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிட்டுவும் அதே பஸ்ஸுக்குத்தான் காத்திருந்தான். அது வந்ததும் அவர்கள் ஏறினார்கள். அவன் ஏறாமல் அடுத்ததற்காக நின்றான்.