ஒரு மணி மாத்திரை

மருந்துக்கடையில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டப்பெயர். வைத்தவர் முதலாளி. மற்றவர்கள் மூன்று பேரை அனுப்புவதற்குள் இவள் ஏழு பேரை அனுப்பிவிடுவாள் என்று அவருக்குப் பெருமை. வீட்டில் கணவன் அதே பெயரைச் சொன்னால் அதில் பெருமை எதுவும் இருக்காது. பால் காயும்வரை நிற்கப் பொறுமையில்லாமல் தீயைக் கூட்டி வைத்துவிட்டுப் போவது அவள். பொங்கி வழிந்த பிறகு அடுப்பைத் துடைப்பது அவன்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. பொட்டலத்தைக் கொடுக்கும் முன் அட்டையை வெளியே எடுத்து, மருந்தின் பெயரையும் வாங்குபவர் பெயரையும் உரக்கப் படிக்க வேண்டும். அவர் தலையாட்டிய பிறகுதான் கொடுக்க வேண்டும். அவளுக்கு அது வெட்டி வேலையாகப் பட்டது, அதிலும் அந்த ஓய்வுபெற்ற தையல்காரர் வரும் நாட்களில். அவருக்கு அவள் வைத்திருந்த பெயர் ஆமை. காது மந்தம் என்பதால் தானே படித்துப் பார்ப்பார். கண்ணாடியைத் தேட ஒரு யுகம், துடைக்க ஒரு யுகம், எழுத்துக்கூட்டிப் படிக்க இன்னொரு யுகம்.

அன்றும் பகல் பன்னிரண்டு மணிக்குப் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒன்பது பேர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நான் பாத்துட்டேங்கய்யா, வழக்கமான பிரஷர் மாத்திரைதான். எப்பவும்போல ஒரு மணிக்குப் போட்டுக்கோங்க" என்று பொட்டலத்தை அவர் கையில் திணித்து அனுப்பிவிட்டாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு, வரிசையில் அவருக்கு அடுத்து நின்ற பெண் திரும்பி வந்தாள். "எங்கம்மாவுக்கு சுகர் மாத்திரை வாங்கிட்டுப் போனேன். இதுல வேற என்னமோ இருக்குங்க."

பிரித்துப் பார்த்தாள். பிரஷர் மாத்திரை. உறைமேல் தையல்காரர் பெயர். அப்படியானால் சர்க்கரை மாத்திரை யாரிடம் போயிருக்கிறது என்று யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. சர்க்கரை நோய் இல்லாதவர் அதைப் போட்டுக்கொண்டால், ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார். மனிதர் தனிக்கட்டை. விழுந்தால் தூக்க ஆளில்லை. வீடோ பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவு.

கணினியில் அவருடைய எண்ணைத் தேடி எடுப்பதற்குள் இரண்டு தடவை தப்பாகத் தட்டினாள். ஒருவழியாக மணி அடித்தது. எடுத்தார்.

"ஐயா மருந்துக்கடைலேர்ந்து பேசறேன் அந்த மாத்திரையப் போட்டுடாதீங்க அது மாறிப்போச்சு..."

"வேண்டாம்மா, எனக்கு கிரெடிட் கார்டெல்லாம் வேண்டாம்." வைத்துவிட்டார்.

வரிசையில் ஒருவர் விரலால் மேசையைத் தட்டினார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். மறுபடி அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடு, எடு என்று வாய்க்குள் முணுமுணுத்தாள். கடைசி மணியில் எடுத்தார். குரல் கொழகொழவென்று வந்தது.

"யாரு? வாயில மாத்திரை இருக்கும்மா. இரு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

அவளுக்கு அலற வேண்டும்போல் இருந்தது. படபடத்தால் என்ன ஆகும் என்று சற்று முன்புதான் பார்த்தாள். அவசரமாகப் பேசினால் அவருக்கு ஒன்றும் புரியாது; அவர் பதறினால் அப்படியே விழுங்கிவிடுவார். தொண்டையில் நின்ற வார்த்தைகளையெல்லாம் பிடித்து நிறுத்தி, ஒன்றை மட்டும் எடுத்தாள்.

"ஐயா. துப்புங்க."

"என்னது?"

"மாத்திரைய. கீழ. துப்புங்க."

ரிசீவரை எங்கோ வைக்கும் ஓசை. செருப்பு தேய்த்து நடக்கும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. முழுங்கினாரா, துப்பினாரா? கத்திக் கூப்பிடலாமா என்று இருந்தது. கேட்டால் ஓடி வருவார், ஓடி வந்தால் வழுக்கி விழுவார். அவள் காத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்து வாழ்க்கையில் அப்படிக் காத்திருந்ததே இல்லை. மேசையில் சாய்ந்துகொண்டாள். குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது, நின்றது. செருப்பு திரும்பி வந்தது, அதே வேகத்தில்.

"துப்பிட்டேன். வாயும் கொப்புளிச்சிட்டேன். ஏம்மா, என்ன விஷயம்?"

"கடையில மாத்திரை மாறிடுச்சுங்கய்யா" என்றாள் மெல்ல.

"சத்தமா சொல்லும்மா. கேக்கல."

நிமிர்ந்து பார்த்தாள். வரிசையில் பதினோரு பேர். வாசலில், சாப்பிட்டுவிட்டு வந்த முதலாளி. எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"நான்தான் குடுத்தேன். உங்களப் படிக்க விடாம, அவசரப்பட்டு, தப்பான மாத்திரையக் குடுத்துட்டேன்." வார்த்தை வார்த்தையாக, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

திட்டட்டும் என்று அவள் இருந்தாள்.

"சரிம்மா" என்றார். "அப்ப நான் எதைப் போட்டுக்கறது? நீயே பாத்துச் சொல்லு."