பெரியம்மாவின் கொடுக்கும் பெட்டி

என் ஓரகத்திக்கு நன்றி என்றால் உயிர். அவள் பிறருக்குச் சொல்வதை அல்ல, பிறர் அவளுக்குச் சொல்வதைச் சொல்கிறேன்.

வருடக் கடைசி விடுமுறைக்கு ஓரகத்தி வீட்டில், அதாவது என் கணவரின் அண்ணன் வீட்டில்தான் குடும்பம் கூடும். வேறு வீட்டில் கூடினால் அவர்கள் வீட்டுச் சோபாவை யார் பார்த்து வியப்பது? என் கணவருக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் பத்து மாதம் கடல். அதனால் நானும் ஏழு வயது மகளும் மட்டும் போவோம். ஓரகத்தியை நேரில் நான் ‘அக்கா, நீங்க’ என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் அந்த மரியாதையெல்லாம் கிடையாது.

பிள்ளை வளர்ப்பு பற்றி ஏதோ சொற்பொழிவு கேட்டுவிட்டு வந்து அவள் தொடங்கியதுதான் ‘கொடுக்கும் பெட்டி’. ஹாலின் நடுவே ஓர் அட்டைப்பெட்டி, பக்கத்தில் ஒரு நாற்காலி. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கு உயிரான ஒரு பொருளைக் கொண்டுவந்து நாற்காலியில் ஏறி நிற்க வேண்டும். அது ஏன் பிடிக்கும் என்று சொல்லி, இதெல்லாம் கிடைத்ததற்கு நன்றி என்று கைகூப்பிவிட்டுப் பெட்டியில் போட வேண்டும். பக்கத்திலிருக்கும் குழந்தைகள் இல்லத்துக்கு மறுநாள் பெட்டி போய்விடும். இதை என் மகளின் பெரியப்பா செல்போனில் படம் பிடிப்பார். சாப்பாடு ஆறுவதற்குள் அது ஊர் உலகமெல்லாம் சுற்றி வந்துவிடும்.

அவள் பிள்ளைகள் இரண்டும் கெட்டிக்காரக் குஞ்சுகள். உயிரான பொருளைத்தானே கேட்கிறார்கள்? விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே எதன்மீது உயிரை வைப்பது என்று முடிவு செய்துவிடுவார்கள். இந்த முறை பெரியவனின் உயிர், மூன்று சக்கரம் போன ஒரு லாரியில் இருந்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டே திரிந்தான்.

“இத கட்டிப்பிடிச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரும்” என்றான் நாற்காலியில் நின்று.

“இன்னொரு தடவை சொல்லு கண்ணா. மூஞ்சிய கொஞ்சம் சோகமா வச்சுக்கோ” என்றாள் ஓரகத்தி.

அவன் வைத்துக்கொண்டான். அந்த வயதில் அத்தனை சுலபமாகச் சோகம் வருவது பிற்காலத்தில் நன்றாகச் சம்பாதிக்க உதவும். அடுத்து அவன் தங்கை, பாதித் துண்டுகள் காணாமல் போன படத்துண்டு விளையாட்டை முத்தமிட்டுப் பெட்டிக்குள் போட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான் தட்டினேன். சாப்பாடு அங்கேதானே?

பிறகு என் மகள் ஏறினாள். போன வருடம் போல கலர் பென்சில்தான் கொண்டுவந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பையிலிருந்து கரடியை எடுத்தாள்.

அது சாதாரணக் கரடி இல்லை. வயிற்றை அமுக்கினால் என் கணவர் பேசுவார். கப்பலேறும் முன் அவரே பதிந்து கொடுத்தது. “சுண்டெலி, சாப்டியா? பல்லு தேச்சியா? அப்பா பக்கத்துலதான் இருக்கேன், தூங்கு.” அவ்வளவுதான். மகளை அவர் கூப்பிடுவது சுண்டெலி என்றுதான். நடுக்கடலில் போன் கிடைக்காத வாரங்களில் அந்தக் குரல்தான் எங்கள் வீட்டு ஆண். அவள் அமுக்கும்போது நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு கேட்பேன். வெட்கமென்ன, எனக்கும் அது வேண்டும்.

“இதுல எங்கப்பா இருக்காரு. அதான் பிடிக்கும். நன்றி” என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் மெதுவாகப் படுக்கவைத்தாள்.

“அய்யோ, எவ்வளவு அழகு! வீடியோல இதத்தான் முதல்ல போடணும்!” என்று ஓரகத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண் காய்ந்துதான் இருந்தது. நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள், நாள் முழுக்கப் பிறர் கண்ணைப் பார்த்துப் பிழைக்கிறவள். எனக்கே கதையா?

பெட்டியை ஒட்ட டேப்பை எடுத்தார்கள். மகள் நாற்காலியை விட்டு இறங்கவில்லை.

“பெரியம்மா, நானும் நாளைக்கு வரட்டா?”

“எங்கடா?”

“குடுக்கறதுக்கு. கரடிக்கு எங்க அமுக்கணும்னு அந்தப் பாப்பாவுக்குத் தெரியாதுல்ல? மேல அமுக்குனா பேசாது. தொப்புளுக்குக் கீழ அமுக்கணும்.”

“அதெல்லாம் டிரைவர் சொல்லிக்குவாரு” என்றாள் அவள். அந்த வீட்டில் நடக்காத காரியம் அத்தனைக்கும் டிரைவர்தான் பொறுப்பு. பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும் பின்னறைக்குப் போயிற்று. நாங்கள் சாப்பாட்டு மேசைக்குப் போனோம்.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். எழுந்துபோய்க் கரடியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னறையிலிருந்து எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. மகள்தான், கரடியைப் பார்க்க நழுவியிருக்கிறாள். தன் முழங்கால் உயரமிருந்த, தூசி படிந்த இரண்டு பெட்டிகளைத் தரையோடு தரையாக இழுத்து வந்து மேசைக்கு அருகில் நிறுத்தினாள்.

“பெரியம்மா, போன வருசப் பெட்டியக் குடுக்க மறந்துட்டீங்க. அதுக்கு முந்தின வருசத்ததும் இருக்கு. இதுல டேப் பிஞ்சு என் கலர் பென்சில் தெரியுது பாருங்க.”

கரண்டிகள் நின்றன. பெரியப்பா தண்ணீர்க் குவளைக்குள் எதையோ தேடினார். இல்லத்துக்கு இந்த வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம். படம் உலகைச் சுற்றியது, பெட்டி வாசலைத் தாண்டவில்லை.

“டிரைவர் மறந்திருப்பாரு” என்றாள் ஓரகத்தி. அந்த ஆள் லீவில் இருந்தது நல்லதாயிற்று.

“பரவால்லக்கா. நாங்க கொண்டுபோய்க் குடுத்துட்டு வர்றோம்” என்று நான் எழுந்தேன். எனக்கு அவ்வளவு கோபம். டாக்சி வரவழைத்து மூன்று பெட்டிகளையும் ஏற்றினேன்.

வண்டியில் மகளிடம் மெதுவாகச் சொன்னேன். “கரடிய மட்டும் எடுத்துக்கோடி. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“குடுத்துட்டேன்னு சொல்லிட்டேன்லம்மா” என்றாள்.

இல்லத்தில் காப்பாளர் அம்மா மேசைமேல் பெட்டிகளைப் பிரித்தார். லாரி, தலையில்லாத பொம்மை, அறுந்த கயிறு, பாதிப் படத்துண்டுகள். மூன்று வருடத்து உயிர்களும் வரிசையாகக் கிடந்தன.

“தப்பா நினைக்காதீங்கம்மா. உடைஞ்ச சாமான் நாங்க வாங்கறதில்ல. குத்திட்டா யாரு பதில் சொல்றது?” என்று எல்லாவற்றையும் திரும்பப் பெட்டிக்குள் அடுக்கி என் கைகளில் ஏற்றினார். மேசையில் மிஞ்சியவை கலர் பென்சில்களும் கரடியும்தான்.

கதவருகே ஒரு சின்னப் பெண் நின்று கரடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகளைவிடச் சிறியவள். மகள் அவள் கையைப் பிடித்துக் கரடியின் தொப்புளுக்குக் கீழே வைத்து அமுக்கினாள்.

“சுண்டெலி, சாப்டியா? பல்லு தேச்சியா? அப்பா பக்கத்துலதான் இருக்கேன், தூங்கு.”

அந்தப் பெண் மறுபடி அமுக்கினாள். மறுபடியும் அமுக்கினாள். பிறகு கேட்டாள், “யாரு சுண்டெலி?”

என் மகள் கொஞ்சம் யோசித்தாள்.

“நீதான்” என்றாள்.

திரும்பும்போது டாக்சியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அழுதாள். என் மடியில் முகத்தை வைத்து, புடவையெல்லாம் நனைய அழுதாள். நானும் அழுதேன். அந்தக் குரல் எனக்கும் போயிற்று. ஆனால் போய்த் திரும்ப வாங்கிவரச் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன்.

வீட்டில் இனிப்பு பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பெட்டிகளை மேசைமேல், இனிப்புத் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தேன்.

“என்ன, திரும்பக் கொண்டுவந்துட்டே?” என்றாள் ஓரகத்தி.

“வேண்டாமாம்க்கா. உடைஞ்சத வாங்கமாட்டாங்களாம்.”

“பாரேன்! தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கறாங்க!”

“பல்லு இருந்தாத்தானக்கா பிடிச்சுப் பாக்கறதுக்கு?”

பெரியவன் தன் உயிரான லாரியைப் பெட்டிக்குள் பார்த்தான். திரும்பக் கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம் அவன் முகத்தில் ஒரு துளியும் இல்லை. ஓரகத்திக்குச் சட்டென்று வேறு ஞாபகம் வந்தது.

“கரடிய வாங்கிக்கிட்டாங்கல்ல? யாரு வாங்கினா, சின்னப் புள்ளையா? அய்யோ, வீடியோ எடுத்தியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் வீங்கிய கண்ணோடு பதில் சொன்னாள்.

“எடுக்கல பெரியம்மா. அம்மா ரெண்டு கையிலயும் உங்க பெட்டி இருந்துச்சு.”