ஒன்றில் தொடங்கும் எண்

காந்தக் கொடியைத் தம்பியின் காரின் கூரையில் வைத்து அழுத்தினாள் நோரீன். சாவு ஊர்வலத்தில் போகும் வண்டி என்பதற்கான ஊதா நிறக் கொடி. பதினோரு வண்டிகளுக்கும் வரிசையை அவள்தான் முந்தின நாளே தாளில் எழுதி வைத்திருந்தாள். சவ வண்டிக்கு அடுத்தது அவளுடையது.

"நீ கடைசியில வா, கர்ட்."

"கடைசியிலயா? நான் அவருக்கு மகன் நோரி."

"அப்பாவுக்குப் பின்னால ஜப்பான் கார் வந்தா, பெட்டியிலேர்ந்து எழுந்து நடந்தே போயிடுவார்."

கர்ட் சிரித்தான். பிறகு கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, நீ சொன்னா சரி" என்று பின்னால் போனான். அவன் சண்டை போட்டிருந்தால் அவளுக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

அப்பா வெர்ன் செவ்வாய்க்கிழமை காலை, பாதி காபியோடு நாற்காலியிலேயே போய்விட்டார். லான்சிங்கில் ஓல்ட்ஸ்மொபில் கார் ஆலையில் முப்பத்தொரு வருடம் கதவு மாட்டியவர். 1989இல் கர்ட் முதன்முதலாக ஜப்பான் கார் வாங்கி வந்தபோது, அதை வீட்டு வாசலில் ஏற்றவிடாமல் தெருவிலேயே நிறுத்த வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை நோரீனுக்கு இறைச்சியில் பெரிய துண்டு கிடைத்தது. அன்றிலிருந்து அவள் ஓல்ட்ஸ்மொபில் தவிர வேறு எதுவும் வாங்கவில்லை. 2004இல் அந்தப் பெயரில் கடைசி வண்டி ஆலையை விட்டு வெளியே வந்ததை டிவியில் காட்டியபோது அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவள்தான். அவளுடைய ஓல்ட்ஸ்மொபில் பனி உருக உப்புத் தூவும் சாலைகளில் ஓடித் துருப்பிடித்து ஓட்டை விழுந்த பிறகும், அதே கம்பெனியின் வேறொரு பெயர் போட்ட வண்டியைத்தான் வாங்கினாள். அப்பாவின் ஓய்வூதியக்காரர் சலுகையில். அந்த வண்டியில்தான் ஆறு வருடம் அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அடக்கம் முடிந்து, மதியச் சாப்பாட்டுக்குத் தொழிற்சங்கக் கூடத்துக்கு வந்தார்கள். வாசலில் பழைய பலகை: வெளிநாட்டு வண்டிகள் சாலைக்கு எதிர்ப்புறம் நிறுத்தவும். பலகைக்குக் கீழே ஆர்வில் கிழவர் நின்றிருந்தார். அப்பாவோடு வேலை பார்த்தவர். நோரீன் வண்டியை நிறுத்தியும் உள்ளே போகவில்லை. குளிரில் கையுறையைச் சரிசெய்வதுபோல நின்றாள். தம்பியை எதிர்ப்புறம் அனுப்புவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தது.

கர்ட்டின் கார் கடைசியாகத் திரும்பியது. ஆர்வில் நடந்துபோய், கூடத்தின் கதவை ஒட்டிய இடத்தில் யாரும் நிறுத்தாமலிருக்க வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்பைத் தூக்கினார்.

"வாடா கர்ட். உங்கப்பா இடம் அப்படியே இருக்கு."

வண்டியை நிறுத்திவிட்டு கர்ட் அக்காவைப் பார்க்காமல் உள்ளே போனான்.

"ஆர்வில், அது ஜப்பான் வண்டி" என்றாள் நோரீன்.

"தெரியும் கண்ணு. மூணு வருஷமா வியாழக்கிழமை வியாழக்கிழமை இங்கதானே நிக்குது. சீட்டாட்டத்துக்கு உங்கப்பாவை அவன்தான் கொண்டுவந்து விடுவான்."

"பஸ்ல வர்றதா சொன்னாரே. முதியோர் பஸ்ல."

"பஸ்ஸா? அந்த முட்டியை வச்சுக்கிட்டா?" ஆர்வில் சிரிக்கப் போய், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "நானும் மொதல்ல விடலை. வெர்ன் என் காலரைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் முன்கண்ணாடி ஓரத்துல கம்பெனிக்காரன் பதிச்சிருக்கிற நம்பரைக் காமிச்சான். ஒண்ணுல ஆரம்பிச்சா நம்ம நாட்டுல செஞ்சது. ரெண்டுன்னா கனடா, மூணுன்னா மெக்ஸிகோ. கர்ட் வண்டி ஒண்ணு. ஒஹாயோவுல செஞ்சது. அங்க சங்கமே கிடையாதேடான்னு கத்தினேன். 'சங்கம் இல்லாட்டி என்ன, கதவு மாட்டுனவன் நம்ம ஆளு'ன்னுட்டான்."

நோரீன் தன் வண்டியின் பக்கம் திரும்பினாள். ஆர்வில் அவசரமாக, "உன்னோடதை நான் பாத்ததில்லை" என்றார். "அவ வண்டியை மட்டும் பாக்காதேன்னு சொல்லிட்டான்."

அவள் போய்ப் பார்த்தாள். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் பனி படிந்திருந்தது. கையுறையால் துடைத்தாள். மூன்று.

ஆறு வருடம். கையெழுத்துப் போட்டு அந்தச் சலுகையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உள்ளேயிருந்து கர்ட் எட்டிப் பார்த்தான். "நோரி, அப்பா படம் என் வண்டியில முன்சீட்டுல இருக்கு. எடுத்துட்டு வர்றியா? மேசையில வைக்கணும்."

படத்துக்கு சீட் பெல்ட் போட்டு வைத்திருந்தான். அதை அவிழ்த்து எடுத்தபோதுதான் கவனித்தாள். இருக்கை கடைசிவரை பின்னுக்குத் தள்ளியிருந்தது. முதுகும் சாய்த்திருந்தது, ஒரு முட்டியை நீட்டி வைத்துக்கொள்ளத் தோதாக. கதவுப் பையில் இருமல் மிட்டாய்த் தாள்கள், ஒவ்வொன்றும் நான்காக மடித்து. அவளுடைய வண்டியில் அப்பா மேல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நேராக உட்கார்ந்து வருவார். "சீட்டைத் தள்ளிக்கோங்கப்பா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "இருக்கட்டும், பக்கத்துலதானே" என்பார். மிட்டாய்த் தாளைக்கூடச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்.

படத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்த இருக்கையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

சிறிது நேரம் கழித்து கர்ட் வந்து ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்தான். "எல்லாரும் காத்துட்டிருக்காங்க நோரி. சாப்பாடு ஆறுது."

"நீங்க ரெண்டு பேரும் என்ன பேசிட்டு வருவீங்க?"

"எப்ப?"

"வியாழக்கிழமை."

அவன் யோசித்தான். "ஒண்ணும் பேசமாட்டோம். தூங்கிடுவார்."

அவள் தலையாட்டினாள். கால்கள் முன்னால் எதையும் எட்டாமல் இருந்தன.

"சீட்டை முன்னால இழுத்துக்கோ. கீழ கம்பி இருக்கு பாரு."

நோரீனின் கை இருக்கைக்கு அடியில் போய்க் கம்பியைத் தொட்டது. பிறகு திரும்பி வந்து படத்தின் மேல் இருந்துகொண்டது. நேர் எதிரே அவளுடைய வண்டி நின்றது. முன்கண்ணாடியில் வெயில் விழுந்து, இங்கிருந்து எந்த எண்ணும் தெரியவில்லை.