பந்தல் படத்தில் விழுந்த பொட்டுகள்

“ஓட்டு ஓட்டுதான், இனிமே எதுக்கு இந்த...”

“என் மிளகாயை எங்கே காயப்போடுறது, உன் தலையிலயா?”

“...ஆர்ப்பாட்டம்? எல்லாரும் கேட்டது பந்தல். பந்தல்தான் வரும்!”

“யாரு அந்த எல்லாரும்? பேரைச் சொல்லு, பாக்கலாம்!”

முதியோர் மன்றத்தின் வாசலில் நான் செருப்பைக் கழற்றும்போதே சண்டை உச்சத்தில் இருந்தது. சுங்தே அம்மாவும் இன்சுக் அம்மாவும் மூன்றாம் கட்டடத்தில் எதிரெதிர் வீட்டுக்காரிகள். பிள்ளைகளின் பேரை வைத்தே ஒருத்தியை ஒருத்தி கூப்பிட்டுக் கூப்பிட்டு, சொந்தப் பேர் இருவருக்குமே மறந்துபோயிருக்கும்.

சண்டை, கட்டடத்துக்கு முன்னால் வெறுமனே கிடக்கும் தரையைப் பற்றியது. பதினைந்து மாடிக் கட்டடங்களுக்கு நடுவே நாள் முழுக்க வெயில் விழுகிற இடம் எங்களுக்கு அது ஒன்றுதான். மழைக்காலம் முடிந்து சுங்தே அம்மா அங்கே பாயை விரித்து மிளகாயைக் கொட்டிவிட்டால், நாங்களெல்லாம் தும்மிக்கொண்டே ஓரமாக நடப்போம். யாரும் வாய் திறப்பதில்லை. அந்தத் தூளில்தான் கட்டடம் முழுக்கக் கிம்ச்சி ஊறுகாய் போடுகிறது.

இந்த வருஷம் அந்த இடத்தைச் சீர்செய்து தருகிறோம், அங்கே என்ன வேண்டுமென்று நீங்களே சொல்லுங்கள் என்றது நகராட்சி. சொல்வதைக் கேட்டு வடிவமைக்க ஹேவோன் என்ற பெண்ணையும் அனுப்பியது. அவள் ஆளுயரப் படங்களை வரைந்து மன்றத்துச் சுவரில் ஒட்டினாள். ஆளுக்கு மூன்று வட்ட ஸ்டிக்கர். பிடித்த படத்தில் பொட்டு வைக்கிற மாதிரி வைக்க வேண்டும். பூச்செடி இருந்தது, உடற்பயிற்சிக் கருவி இருந்தது, சுங்தே அம்மாவுக்காகவே ஒரு வெறும் தரையும் இருந்தது. ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தால், கொடிப்பந்தல் படம் அம்மை போட்ட உடம்பு மாதிரி நிறைந்து கிடக்கிறது.

“மெஷின்ல காயவச்சுக்கோயேன். இப்போ யாரு வெயில்ல போடுறாங்க?”

“மெஷின்ல காஞ்சது மிளகாயா? செவப்பா இருக்கும், அவ்வளவுதான். போன வருஷம் என் தூளைக் கேட்டுக் கேட்டு வாங்கினது யாரு?”

“நீயாத்தான் குடுத்தே. வேணாம்னு சொன்னா மூஞ்சியைத் தூக்குவே, அதான் வாங்கினேன்.”

இன்சுக் அம்மாவின் கணவர் சுவரோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, நல்லாயிருக்கிற ஒரு கையால் அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தின்றுகொண்டிருந்தார். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை. மனைவி போகிற இடமெல்லாம் அவரும் போவார்.

சுங்தே அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினாள்.

“நேராவே கேக்குறேன். தலைவரே, நீங்க எதுல ஒட்டினீங்க?”

குடியிருப்போர் சங்கத் தலைவர் பியோ தொண்டையைச் செருமினார். “ரெண்டு வெறும் தரைக்கு. உன் மிளகாய்க்குத்தாம்மா. ஒண்ணு மட்டும்... பந்தலுக்கு.”

“அது எதுக்கு?”

“அதுல ஒண்ணுகூட விழலே. பொண்ணு எவ்வளவு கஷ்டப்பட்டு இலை இலையா வரைஞ்சிருக்கு! பாவமா இருந்துச்சு.”

எனக்கும் நாக்கு அரித்தது. “நான் பாக்குறப்போ ஒத்தைப் பொட்டு தனியா நின்னுச்சு. துணைக்கு ஒண்ணு ஒட்டினேன்.”

“நான் போறப்பவும் கொஞ்சமாத்தான் இருந்துச்சு,” என்றாள் மீன்கடைக்காரி.

“எனக்கும் மனசு கேக்கலே,” என்றது பின்வரிசை. அதன் பிறகு ஆளாளுக்குக் கை தூக்கினார்கள்.

“அடப்பாவிங்களா! பரிதாபப்பட்டே என் வெயிலைக் கொன்னுட்டீங்களே!”

படங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஹேவோனின் முகம் காதுவரை சிவந்துவிட்டது. “அம்மா, அந்தப் பந்தலை நான் ஆசைப்பட்டெல்லாம் வரையலே. சுவர்ல இடம் மிச்சம் இருந்துச்சு, அதான்.”

தலைவருக்கு அப்போதுதான் தெம்பு வந்தது. “அது சரி, சுங்தே அம்மா, நீ எதுல ஒட்டினே?”

“தரைக்கு ரெண்டு.”

“மூணாவது?”

அவள் கூரையைப் பார்த்தாள். “பொண்ணு பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டிருந்தா. நான் என்ன பண்றது?”

மன்றமே குலுங்கியது. பார்லித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மீன்கடைக்காரிக்குப் புரையேறிவிட்டது. எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகுதான் இன்சுக் அம்மா சிரித்தாள்.

“நீயும் அப்படித்தானா?” என்றாள் சுங்தே அம்மா.

“அப்படித்தான். பாவம்னுதான்.”

“அப்புறம் எதுக்கு இவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினே?”

“உன்கூடக் கத்தி நாளாச்சு. சரி, நான் போய்ச் சோறு வைக்கணும்.” சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

எல்லாவற்றையும் உரித்துவிட்டு, இந்தத் தடவை உண்மையிலேயே வேண்டியதற்கு மட்டும் ஒட்டுவது என்று முடிவானது. உரிக்கிற வேலையைச் சுங்தே அம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டாள். பந்தல் படத்தில் மேலேயிருந்து ஆரம்பித்து, முனகலாக ஏதோ பாடிக்கொண்டு, பூ பறிக்கிற மாதிரி உரித்துக்கொண்டே கீழே வந்தாள். வெயில் திரும்பக் கிடைத்துவிட்டது. பாட்டு வராமல் என்ன செய்யும்?

கீழே, படத்தின் விளிம்புக்குப் பக்கத்தில், பாட்டு நின்றது.

நானும் குனிந்து பார்த்தேன். மூன்று பொட்டுகள். ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி, ஓரம் மடங்கி, கை நடுங்க நடுங்க அழுத்தி ஒட்டியவை. நின்றுகொண்டு ஒட்டுகிற யாருக்கும் அந்த உயரம் வராது.

சன்னலுக்கு வெளியே இன்சுக் அம்மா அந்த வெறும் தரையைக் கடந்துகொண்டிருந்தாள். ஒரு கை நாற்காலியைத் தள்ளியது. மறு கை அவர் தலைக்கு மேல் செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தது. ஒற்றைக் கையால் தள்ளியதில் நாற்காலி கோணலாகப் போயிற்று. அவர் கண்ணை இறுக்க மூடியிருந்தார்.

சுங்தே அம்மா சன்னலைத் தள்ளித் திறந்தாள்.

“இன்சுக் அம்மா, நில்லு! பாவம் பாத்தவங்க எல்லாம் ஒண்ணுதான் ஒட்டினோம். கீழே, நாற்காலி உயரத்துல, மூணையும் இந்தப் பந்தலுக்கே ஒட்டினது யாரு?”