தொண்ணூற்றேழு சதவீதம்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்தப் பிசியோதெரபிஸ்ட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஓர் அறிக்கையை முடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மாதச் சிகிச்சையில் கடைசி வேலை அது. வாலிபால் அணியில் எல்லாரும் 'கொக்கு' என்று கூப்பிடும் இருபத்திரண்டு வயது நெட்டைப் பெண், வலைக்கு முன்னால் எம்பிக் குதித்து இறங்கும்போது இடது முழங்கால் லிகமெண்ட் அறுந்து விழுந்தவள், இன்று பதினோரு மணிக்கு மறுபடி ஆடப் போகிறாள். ஆடலாம் என்று செவ்வாய்க்கிழமை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது இவள்தான்.

ஒற்றைக் காலில் தாவினால் எவ்வளவு தூரம் போகிறது என்பது கடைசிச் சோதனை. வலது கால் நூற்றிருபத்தைந்து சென்டிமீட்டர். அறுவை செய்த இடது கால் நூற்றிருபத்தொன்று. அதாவது நல்ல காலில் தொண்ணூற்றேழு சதவீதம். தொண்ணூறைத் தாண்டினாலே போதும் என்பார்கள். கொக்கு அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டாள்.

அறுவை செய்த டாக்டர் முதல் அளவையும் அறிக்கையில் கேட்பார். பழைய காகிதக் கோப்பைப் புரட்டி, அறுவைக்கு முந்தின வாரத்துத் தாளை எடுத்தாள். இடது: வீக்கம், அளக்கவில்லை. வலது: 170.

மறுபடி படித்தாள். வேறு யாருடைய தாளோ என்று மேலே பார்த்தாள். கொக்கின் தாள்தான். எழுத்தும் தன்னுடையதே.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஒன்பது மாதமாக ஓடாமல் குதிக்காமல் நல்ல காலும் சேர்ந்து இளைத்திருக்கிறது. இடது கால் ஏறிப் போய் அதைப் பிடிக்கவில்லை. நல்ல கால்தான் இறங்கி வந்திருக்கிறது. வாரா வாரம் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்துச் சந்தோஷப்பட்டாளே தவிர, பழைய அளவை அவள் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. நூற்றிருபத்தொன்றை நூற்றெழுபதால் வகுத்தாள். எழுபத்தொன்று.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த கணவன்.

"ஸ்கூட்டரை எடுங்க."

"சட்டையாவது மாத்திக்கிறேனே."

"வேண்டாம். வாங்க!"

கொக்கின் போன் அணைந்திருந்தது. ஆட்டத்துக்கு முன் கோச் எல்லாருடையதையும் வாங்கி வைத்துவிடுவார். அவருடையதோ அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து கோப்பை மார்போடு அணைத்தபடி, "களத்துல இறக்காதீங்க சார், இறக்காதீங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

உள்ளரங்கில் முதல் செட் நடந்துகொண்டிருந்தது. கொக்கு களத்தில் நின்றாள். பந்து வந்தது; எம்பினாள், தடுத்தாள், இறங்கினாள். இறங்கும்போது இடது முட்டி மயிரிழை அளவு உள்பக்கம் சாய்ந்தது. கூட்டம் கைதட்டியது.  மேலே பார்வையாளர் வரிசையிலிருந்து கொக்கின் அம்மா பிசியோவைப் பார்த்துவிட்டு, முகமெல்லாம் பல்லாகக் கையாட்டினாள்.

பிசியோ நேரே கோச்சிடம் போனாள். "சார், அவளை வெளிய எடுங்க. நான் தப்பு பண்ணிட்டேன்."

"என்னம்மா விளையாடுறீங்களா? நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?"

"நான்தான். இதைப் பாருங்க."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு களத்தைப் பார்த்தார். அதற்குள் கொக்கு இன்னொரு முறை எம்பி இறங்கிவிட்டாள்.  கோச் ஆள் மாற்றக் கை தூக்கினார்.

கொக்கு மூச்சு வாங்க ஓடி வந்தாள். "ஏன் சார்? நல்லாத்தானே ஆடுறேன்? அக்கா, நீங்க எப்ப வந்தீங்க?"

பிசியோ சொன்னாள். சுற்றி வளைக்காமல், அந்த இரைச்சலில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"எனக்கு வலிக்கவே இல்லையேக்கா."

"வலிக்காது. அறுந்து போற வரைக்கும் வலிக்காது."

கொக்கு தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்தாள். "அப்போ என் நல்ல காலு?"

"அதுவும் நல்ல காலா இல்லம்மா."

பெஞ்சுக்குப் போகக்கூட இல்லை. நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. எதையோ தவறவிட்டவள் போல இரண்டு கையாலும் முட்டிகளைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அம்மா படியிறங்கி வந்தாள். நடந்தது தெரிந்ததும் அவள் கத்தவில்லை. "பத்து மாசம் சுமந்து பெத்தேன். ஒம்பது மாசம் உங்ககிட்ட குடுத்தேன்," என்றாள்.  திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பிசியோவுக்கு.

திங்கட்கிழமை அவள் மருத்துவமனைத் தலைமை மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, அந்த வருஷம் தான் கையெழுத்துப் போட்ட பதினோரு பேரின் கோப்புகளையும் எடுத்தாள். கொக்கைத் தவிர இன்னும் நான்கு பேருக்கு இதே கதை. அதில் ஒருவன் தடை ஓட்டக்காரன்; களத்துக்குத் திரும்பிய மூன்றாவது வாரமே மறுபடி லிகமெண்ட் அறுந்து, ஓட்டத்தையே விட்டவன். "என் தலையெழுத்து மேடம்," என்று அவன் சொன்னபோது இவளும் தலையாட்டியிருந்தாள்.

மற்ற மூவரையும் போனில் திரும்ப அழைத்தாள். அவனிடம் மட்டும் நேரில் போனாள். ஒரு செருப்புக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லி முடித்ததும் கையிலிருந்த பெட்டியை மெல்லக் கீழே வைத்தான்.

"அப்போ தலையெழுத்து இல்லையா?"

"பழைய அளவைப் பாத்திருந்தா உன்னை அன்னிக்கு அனுப்பியிருக்க மாட்டேன்."

அவன் பெட்டியை மறுபடி கையில் எடுத்தான். "போயிட்டு வாங்க மேடம்," என்றான். அவள் போனாள்.

பன்னிரண்டாம் நாள் கொக்கு வந்தாள். உட்காரவில்லை. "வேற ஒருத்தர்கிட்ட காட்டினேன். ஆறு மாசம்ங்கிறாரு. நீங்க?"

"அஞ்சு. ஆறுன்னா ஆறு. அவர்கிட்டயே போறதுன்னாலும் போ. கோப்பு மொத்தமும் தரேன்."

"அவருக்கு என்னைத் தெரியாது. உங்களுக்கு இனிமே தூக்கம் வராது. அது போதும் எனக்கு," என்றாள் கொக்கு, சிரிக்காமல். "அளவு நாடாவை நான்தான் பிடிப்பேன்."

ஆறரை மாதம் ஆனது. வலது கால் நூற்றெழுபத்திரண்டு, இடது நூற்றறுபத்தாறு. நாடாவைப் படித்தது கொக்கு. அளவைத் தாளில் எழுதியது அம்மா. பிசியோ கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தாள். கையெழுத்துப் போடுமுன் பழைய 170 தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். அப்புறம்தான் அவள் கையெழுத்துப் போட்டாள்.