வட்டு எறிபவனின் கழுத்து

சடங்குப்படி ஒயினில் நனைத்த துணியால் இறந்துபோன அப்பாவின் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள் பொலிக்செனி. விரல்களெல்லாம் சுத்தமாகிவிட்டன. நகக்கண்களில் இருந்த வெள்ளை மட்டும் போவேனா என்றது.

"விடுடீ. நாப்பது வருஷத்துப் பிளாஸ்டர், அவனோடயே போகட்டும்," என்றாள் ஸ்டமாதியா அத்தை.

"கை நடுங்குதுன்னு அவர் அதைத் தொட்டே ரெண்டு வருஷமாச்சே அத்தை."

அத்தை சன்னலைக் காட்டினாள். "உன் தம்பி இன்னும் வாசல் கேட்டுப் பக்கத்துலயேதான் நிக்கிறான். நாலு மணிக்கு எடுத்துடுவாங்க. கோயிலுக்கும் வரமாட்டானாம். அப்படியே பஸ் ஏறிடுவானாம். பெத்த அப்பனுக்குக் கடைசி முத்தம்கூடக் கிடையாதா?"

பதினோரு வருடங்களுக்கு முந்தைய சண்டை அது. ஒலிம்பியா கடைத்தெருவில் வட்டு எறிபவன் சிலையை வார்த்து விற்ற குடும்பம். தாத்தாவின் அச்சில் அவன் தரையைப் பார்ப்பான். மூலச்சிலை என்றைக்கோ அழிந்துவிட்டது. பழைய நகல் ஒன்றில் உடைந்த தலையை யாரோ தப்பாக ஒட்டிவைக்க, தாத்தா அதையே பார்த்து அச்செடுத்துவிட்டார். "தலை பின்னால திரும்பி வட்டைப் பார்க்கணும்ப்பா," என்று கடை நிறைய ஆளிருக்கும்போது சொன்னான் தம்பி லாம்ப்ரோஸ். சொன்னதோடு நின்றானா? மறுநாளே தாத்தாவின் அச்சைக் கழுத்தோடு அறுத்துப்போட்டான். "இனி என் கண்ணுல முழிக்காதே," என்றார் அப்பா. பாழாய்ப்போன ரோஷம், இரண்டு பேருக்குமே.

பொலிக்செனி எழுந்து வெளியே போனாள்.

"உள்ள வாடா."

"கண்ணுல முழிக்காதேன்னார். கண்ணை மூடினதும் பூனை மாதிரி உள்ள வரச் சொல்றியா அக்கா?"

"செத்தவர்கிட்டயுமா வீராப்பு?"

அவன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஓங்கி ஓர் அறை விடலாம்போல் இருந்தது அவளுக்கு.

நகத்துக்கு மெல்லிய அரம் கிடைக்குமா என்று பின்கட்டுப் பட்டறையைத் திறந்தாள். அப்பா நேற்றுக் காலை காபிக்கடையில் நாற்காலியோடு சரிந்ததிலிருந்து யாரும் அங்கே போகவில்லை. மேசைமேல் ஈரச்சாக்கு ஒன்று எதையோ மூடியிருந்தது. விலக்கினாள். ஒரு முழ உயரத்தில் வட்டு எறிபவன். அவன் தலை பின்னால் திரும்பி, தூக்கிய கையிலிருந்த வட்டைப் பார்த்தது. கழுத்தில் அறுத்து ஒட்டிய தடம், திட்டுத்திட்டாக. மேசைக்கடியில் ஏழெட்டுத் தலைகள் உடைந்து கிடந்தன.

பொலிக்செனி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு சிலையைக் குழந்தையைத் தூக்குவதுபோல் அணைத்து எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனாள்.

லாம்ப்ரோஸ் வெகுநேரம் பார்த்தான். கட்டை விரலால் கழுத்தைத் தடவினான்.

"இன்னும் காயல," என்றான். "உள்ள கம்பி வைக்காமலே ஒட்டியிருக்கார். எப்படி நிக்கும் இது?"

அவள் சிலையை அவன் பக்கம் இன்னும் சாய்த்துக் காட்டினாள்.

"அவர் ஒரு போன் பண்ணியிருக்கலாமே அக்கா. நான் வந்து ஒட்டிக் குடுத்திருப்பேனே."

பாதிரியார் படியேறும்போது லாம்ப்ரோஸ் உள்ளே இருந்தான். அப்பாவின் முகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு குனிந்து நெற்றியில் முத்தமிட்டான்.

அவன் நிமிர்ந்தபோது அப்பாவின் கன்னத்தில் கட்டை விரல் அகலத்துக்கு வெள்ளை படிந்திருந்தது. அத்தை ஒயின் துணியை எடுத்தாள். பொலிக்செனி அதை அவள் கையிலிருந்து வாங்கி மடித்துவைத்தாள்.